பன்னிரண்டாம் கேள்வி

அக்டோபர் 14

காலையிலிருந்து மழை. மூன்றாம் வகுப்பறையில் வழக்கமான மூலை ஒழுகுகிறது. சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு வாளி வாங்கி வைத்தேன். பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு வாளியில் விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஜூனில் தொடங்கிய இருமொழி வகுப்பைப் பற்றி. எங்கள் பள்ளியில் நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள். அதில் நாற்பத்தொரு பேர் ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனிகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களில் முதல் இரண்டு வகுப்பினருக்கு மட்டும், பாதிப் பாடம் ஒடியாவில், பாதி தமிழில். அதற்கென்று தொகுப்பூதியத்தில் குந்தலா என்ற பெண்ணை நியமித்தார்கள். அவளும் ஒடிசாக்காரி, முன்பு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள், பிளஸ் டூ படித்தவள். ஒழுகாத ஒரே அறையை அந்த வகுப்புக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். மாலைக்குள் வேண்டும் என்று போன் வேறு. நிரப்பி அனுப்பியாயிற்று.

அக்டோபர் 17

தீபாவளி விடுமுறை தொடக்கம். முறுக்கு மாவு பதம் தப்பிவிட்டது. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் தின்றார்.

அக்டோபர் 28

மூன்றாம் வகுப்பில் லிப்சா என்று ஒரு பெண். ஒடிசாக்காரப் பிள்ளை. எட்டு வயது. இந்த ஆண்டுதான் சேர்ந்தாள். மூன்றாம் வகுப்பு என்பதால் குந்தலாவிடம் போக முடியாது. தலைமை ஆசிரியை என்றாலும் மூன்றாம் வகுப்பு என் பொறுப்புதான்; என்னிடம் இருக்கிறாள். வாய் திறப்பதே அபூர்வம்.

இன்று என் மேசைக்கு வந்து நின்று, "கானோ, கானோ" என்றாள். எதையோ காணோம் போலிருக்கிறது. பையைக் கொட்டிப் பார்த்தேன். பென்சில் இல்லை. என் டிராயரிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். "போய் உட்காரு" என்றேன்.

அக்டோபர் 31

இன்றும் லிப்சா. "கானோ பிந்துச்சி" என்றாள். பிய்ந்துவிட்டது என்கிறாளா? தமிழ் கொஞ்சம் வருகிறதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. நோட்டைப் பார்த்தேன். அட்டை உண்மையிலேயே பிய்ந்துதான் இருந்தது. புது நோட்டு கொடுத்தேன். பொருளைத் தொலைப்பதும் கிழிப்பதுமே வேலையாக இருக்கிறாள்.

சொல்வதெழுதுதலில் ஒரு சொல்கூட எழுதவில்லை. எழுதுகிற பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று கடைசி வரிசைக்கு மாற்றினேன்.

நவம்பர் 5

பக்கத்து அறையில் தாங்க முடியாத சத்தம். ஐந்தாம் வகுப்புக்குத் தேர்வு நடக்கிறது, போய்ச் சொன்னேன்.

குந்தலா கையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் தமிழ் எழுத்து, மறு பக்கம் தலையில் கூரை வளைந்த அவர்கள் எழுத்து.

"குந்தலா, கொஞ்சம் கத்தாம நடத்துங்க."

"நான் கத்தலே டீச்சர். புள்ளைங்க சிரிக்குது. அதான் சத்தம்."

"படிக்கும்போது என்ன சிரிப்பு?"

பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் வந்த பிறகு அறை அமைதியாகிவிட்டது.

எனக்கு முப்பத்திரண்டு வருட அனுபவம். எங்கள் வீட்டில் கன்னடம்தான். நெசவுக்காரர்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். எனக்கு யாரும் தனி வகுப்பு வைக்கவில்லை. ஒன்றாம் வகுப்பு முழுக்க நான் வாயே திறக்கவில்லை என்று அம்மா சொல்வார். பிறகு சரியாகிவிட்டது.

நவம்பர் 12

கடிதம் வந்துவிட்டது. இருமொழி வகுப்புக்கான நிதி டிசம்பரோடு நிற்கிறது. பள்ளிகளிலிருந்து பெற்ற அறிக்கைகளின் அடிப்படையில் அந்தத் தொகை வேறு திட்டத்துக்கு மாற்றப்படுகிறதாம்.

குந்தலாவை அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்?"

"உங்க தப்பு ஒண்ணுமில்ல. மேலிடத்து முடிவு."

"புள்ளைங்க நல்லாப் படிக்குதே. யாராச்சும் வந்து பாத்தாங்களா?"

"மேலிடத்து முடிவு" என்று இன்னொரு முறை சொன்னேன். அவள் கடிதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனாள். ஐந்து நிமிடத்தில் பக்கத்து அறையில் மறுபடியும் சிரிப்பு. போய்ச் சொல்லவில்லை.

நவம்பர் 13

மோட்டார் ரிப்பேர். வேறொன்றுமில்லை.

நவம்பர் 19

இரண்டாவது பாடவேளையில் லிப்சா மேசைமேல் தலை சாய்த்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து எழுப்பப் போனேன். உடம்பு நெருப்பாகச் சுட்டது. தலையை நிமிர்த்தினேன். இடது காதிலிருந்து மஞ்சளாக வழிந்து சட்டைக் காலர் முழுக்க நனைந்திருந்தது.

குந்தலாவைக் கூப்பிட்டேன். அவள் தரையில் மண்டியிட்டு லிப்சாவிடம் ஏதோ ஒரு வார்த்தைதான் கேட்டாள். லிப்சா பேச ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, மூச்சு வாங்காமல், கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அவ்வளவு பேசக்கூடிய பிள்ளை என்று எனக்குத் தெரியாது.

"காது வலின்னு சொல்றா டீச்சர்."

"இவ 'காணோம் காணோம்'னுதானே சொல்லிட்டிருந்தா?"

"கானோன்னா காது, டீச்சர். எங்க பாஷைலே. பிந்துச்சின்னா வலிக்குது."

அப்போது என் முகம் எப்படி இருந்ததோ, குந்தலா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். லிப்சாவின் அம்மா ஜெமா, சாயப்பட்டறையிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டாள். கைகளில் முழங்கை வரை நீலம். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். ஜெமா, "மாசே ஹெலா" என்றாள். குந்தலா மொழிபெயர்ப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு மாதம்.

காது சவ்வில் ஓட்டை விழுந்திருக்கிறதாம். "மருந்துலயே ஆறிடும். கேக்கறதும் பெரும்பாலும் திரும்பி வந்துரும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கஷ்டமாயிருக்கும்" என்றார் டாக்டர்.

வெளியே நடைபாதையில் ஜெமா என்னைப் பார்த்து நீளமாகப் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. நிறுத்தாமல் பேசினாள். முடித்ததும் குந்தலாவைப் பார்த்தேன்.

"என்ன சொல்றாங்க?"

"நன்றி சொல்றாங்க டீச்சர்."

அவ்வளவு நீளமான நன்றியை நான் கேட்டதில்லை.

நவம்பர் 20

பள்ளிக்குச் சீக்கிரம் போனேன். கோப்பிலிருந்து அந்தப் படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன்.

பன்னிரண்டாவது கேள்வி: இத்திட்டம் தங்கள் பள்ளியில் தொடரப்பட வேண்டுமா? எதிரே நீல மையில், தெளிவான எழுத்தில்: "தேவையில்லை. பிள்ளைகள் பழகப் பழகத் தமிழைத் தாமாகவே கற்றுக்கொள்வர்." கீழே கையெழுத்து. தலைமை ஆசிரியை, சௌடேஸ்வரி.

மற்ற பதினொரு கேள்விகளுக்கு வகுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தே எழுதினேன். மழை பெய்தது, அறை ஒழுகிற்று, எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது. இதை இங்கேயாவது எழுதிவிட வேண்டும்.

அம்மா சொன்னதை எழுதி, பிறகு சரியாகிவிட்டது என்று முடித்திருந்தேன். அந்த ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள் வெளியே போகவேண்டும் என்று தமிழில் கேட்கத் தெரியாமல் வகுப்பிலேயே பாவாடையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு அது தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. போதும்.

நவம்பர் 24

மதியத்துக்கு மேல் பெர்மிஷன் போட்டுவிட்டு வட்டாரக் கல்வி அலுவலர் தாமோதரன் சாரைப் பார்க்கப் போனேன். என்னைவிட இருபது வயது சின்னவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"இருமொழி வகுப்பு நிக்கக் கூடாது சார்."

அவர் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துத் திரையை என் பக்கம் திருப்பினார்.

"மூணு பள்ளிக்கூடத்துல கேட்டோம் மேடம். ரெண்டு பேரு தேவையில்லைன்னு எழுதியிருக்காங்க. ஒண்ணு நீங்க."

"தெரியும். தப்பா எழுதிட்டேன்."

அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். பிறகு சொன்னார்: இந்த ஆண்டுக்கான நிதி போனது போனதுதான். அடுத்த ஆண்டுத் திட்டம் ஜனவரியில் மாவட்டத்துக்குப் போகும். அதில் சேர்க்க வேண்டுமானால் இரண்டு வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் ஒன்று, பிள்ளைகளின் வாசிப்பு நிலை அறிக்கை ஒன்று.

"தீர்மானத்துல பெற்றோர் கையெழுத்து போடணும் மேடம். அவங்க ஏன் முதல்ல வேணாம்னீங்கன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க" என்றேன்.

வரும் வழியில் கேஸ் சிலிண்டர் புக் செய்தேன்.

டிசம்பர் 5

குழுக் கூட்டம். தலைவர் ருக்குமணி, பள்ளிக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருப்பவர். அவர் மகள் தர்ஷிகா ஒன்றாம் வகுப்பு. ஒடிசாக்காரப் பெற்றோர் இத்தனை நாள் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. இன்று ஜெமாவையும் சேர்த்து ஆறு பேர் வந்தார்கள். அரை ஷிப்ட்டை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் சுவரோரம் நின்றார்கள்.

நான் தீர்மானத்தைப் படித்தேன். ருக்குமணி கையை உயர்த்தினார்.

"ஏனுங்க டீச்சர், நான் ஒண்ணு கேக்கறனுங்க, தப்பா நெனைக்காதீங்க. நம்ம புள்ளைகளுக்கு இன்னொரு டீச்சர் வேணும்னு ரெண்டு வருசமா கேக்கறமுங்க. இல்லீன்னு சொல்லிப்போட்டாங்க. அவங்களுக்கு மட்டும் தனியா ஒரு டீச்சருங்களா? அந்த ரூமு வேற. எம்பட புள்ள ஒழுகற ரூமுல உக்காந்திருக்கறா."

நியாயமான கேள்வி. அவர் கேட்டதைத்தான் அக்டோபரில் நானும் நினைத்தேன்.

"வகுப்பு நிக்கறதுக்குக் காரணம் நான்தான்" என்றேன். "படிவத்துல தேவையில்லைன்னு எழுதினது நான். வகுப்பை ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்க்காம எழுதினேன். ஒரு மாசமா காது வலின்னு ஒரு பிள்ளை எங்கிட்ட வந்து சொல்லியிருக்கா. நான் அவளுக்குப் பென்சில் கொடுத்து அனுப்பியிருக்கேன்."

குந்தலா கதவருகே நின்று ஒடியாவில் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். "எழுதினது நான்" என்ற இடத்தில் அவள் குரல் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். பிறகு அதையும் சொன்னாள். ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை என்று தெரிந்தது. ஜெமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ருக்குமணி சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் அவர் கடை வாடிக்கையாளர்கள்.

"தினமும் இவங்க கடைக்கு வர்றாங்க" என்றார். "கையக் காட்டி, பொட்டலத்தக் காட்டித்தான் வாங்கறாங்க. தர்ஷி கடைல இருந்தா அவதான் ரெண்டு வார்த்த பேசி எடுத்துக் குடுப்பா. எங்க புடிச்சாளோ தெரியலீங்க." கொஞ்சம் யோசித்தார். "நான் கையெழுத்துப் போடறனுங்க டீச்சர். ஆனா ஒண்ணு. எம்பட புள்ளையும் அந்த ரூமுலதான் உக்காரோணும். எல்லாப் புள்ளைகளும். ரெண்டு பாசையும் எல்லாருமே படிக்கட்டும். தனியா வேண்டாமுங்க."

இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருட அனுபவத்துக்குத் தோன்றவில்லை.

தீர்மானத்தைத் திருத்தி எழுதினேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜெமா தன் பெயரை ஒடியாவில், மிக மெதுவாக எழுதினாள்.

டிசம்பர் 8

குந்தலா வந்தாள், வகுப்பெடுத்தாள், போனாள். வணக்கம் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

டிசம்பர் 11

மாலையில் பதிவேடு கொடுக்க வந்த குந்தலா போகாமல் நின்றாள்.

"அன்னிக்கு மேலிடத்து முடிவுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நான் வீட்ல போய் அழுதேன் டீச்சர். எனக்குப் பாடம் நடத்தத் தெரியலேன்னு நெனச்சேன். ராத்திரி சாப்பிடலே. என் வீட்டுக்காரர், கம்பெனி வேலையே உனக்கு நல்லதுன்னு சொன்னார்."

மன்னிப்புக் கேட்டேன். இருபத்தொன்பது வயதுப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று நினைத்ததுண்டு. மூன்று சொல்தான். அவள் சரி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. "லிப்சாவை முன் பெஞ்சுல உக்கார வைங்க டீச்சர். வலது பக்கம் நின்னு பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மருத்துவமனைக்குப் போய்வந்த மறுநாளே இதைச் செய்திருக்க வேண்டும். மாற்றிவிட்டேன்.

டிசம்பர் 22

வாசிப்புத் தேர்வு. எங்கள் ஆட்கள் வைத்தால் சலுகை என்பார்கள் என்று பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியையை வரவழைத்தேன். பிள்ளைகள் அவருக்குத் தெரியாத முகங்கள்.

குந்தலாவிடம் படித்த இரண்டாம் வகுப்பு ஒடிசாப் பிள்ளைகள் பதினான்கு பேர். அதில் பதினொரு பேர் தமிழ்ப் பத்தியைத் தடங்கலில்லாமல் படித்தார்கள். தமிழை. ஒடியாவில் பாதி நேரம் போனபிறகும்.

மூன்றாம் வகுப்பில் அதே போன்ற பிள்ளைகள் ஒன்பது பேர். முழுக்க முழுக்கத் தமிழில் மட்டும் படித்தவர்கள். மூன்று பேர் படித்தார்கள். அது என் வகுப்பு.

அறிக்கையில் இரண்டு எண்ணிக்கையையும் அப்படியே எழுதி அனுப்பினேன். கீழே வகுப்பாசிரியர் பெயர் என்ற இடத்தில் என் பெயர்.

டிசம்பர் 31

பதில் எதுவும் வரவில்லை. குந்தலாவுக்குக் கடைசி நாள். அரையாண்டு விடுமுறை என்பதால் பிள்ளைகள் இல்லை. சாவியை ஒப்படைக்க வந்தாள். ஐந்தாம் தேதியிலிருந்து பழைய கம்பெனியிலேயே செக்கிங் சூப்பர்வைசராம். இங்கே வாங்கியதைவிடச் சம்பளம் அதிகம்.

"நல்லதுதான்" என்றேன்.

"நல்லதுதான் டீச்சர்" என்றாள்.

படம் ஒட்டிய அட்டைகளை அடுக்கி, ரப்பர் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவற்றை அவளே வரைந்தாள். பள்ளிச் சொத்து இல்லை, நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

ஜனவரி 7

குந்தலாவின் அறைக்கு நான் போகிறேன், தினமும் ஒரு மணி நேரம். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்திருக்கிறேன். அட்டையைத் தூக்கிக் காட்டி ஒடியாவில் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லிப்சா கையை உயர்த்தி என்னைத் திருத்தினாள். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் திருத்தினாள். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்து, "டீச்சர், கொஞ்சம் சத்தம்..." என்று தயங்கினார்.

"பிள்ளைங்க சிரிக்குது" என்றேன்.

ஜனவரி 18

ஞாயிறு. குந்தலாவின் வீட்டைத் தேடிப் போனேன். வரிசையாய்க் கட்டிய லைன் வீடு, ஒரே அறை. உங்களுக்கு நேரமிருந்தால் ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் எனக்குச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். அவள் கணவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

"என்ன கத்துக்கணும்?"

"வலியிலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

முண்டோ, தலை. ஆக்கி, கண். பேட்டோ, வயிறு. தாந்தோ, பல். கானோவை அவள் சொல்லவில்லை. நான் சொன்னேன். உச்சரிப்பு சரி என்றாள்.

பிப்ரவரி 1

முருங்கை ஏகத்துக்குக் காய்த்திருக்கிறது. ஒரு கட்டு குந்தலா வீட்டுக்கு. பருப்பில் போட்டுச் செய்வார்களாம், கடுகு அரைத்து. செய்து கொடுத்தனுப்பினாள். எங்கள் வீட்டில் அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 18

தாமோதரன் சார் காலையில் போன் செய்தார். மாவட்டத்தில் ஒப்புதல் ஆகிவிட்டது. ஓராண்டுக்கு மட்டும். முதல் மூன்று வகுப்புகளுக்கும், எல்லாப் பிள்ளைகளுக்குமாக. ஆண்டு முடிவில் மறுபடியும் பரிசீலனை. "தீர்மானத்துல அந்த ஒரு வரிதான் மேடம் மீட்டிங்ல எல்லாருக்கும் பிடிச்சது. எல்லாரும் ரெண்டு மொழியும் படிக்கறதுன்னு."

ருக்குமணியின் கடைக்குப் போய்ச் சொன்னேன். "அட, நம்ம சொன்னதுங்களா?" என்று கேட்டுவிட்டு, சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னார்.

மாலையில் குந்தலாவைக் கம்பெனி வாசலில் பார்த்து விஷயத்தைச் சொல்லி, திரும்பி வர முடியுமா என்று கேட்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே யோசித்தாள்.

"ஒரு வருஷம்தான். அப்புறம் மறுபடி ஃபாரம் வரும்ல டீச்சர்?"

"வரும்."

"யார் எழுதுவாங்க?"

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். ரெண்டு பேரும் கையெழுத்து போடலாம்."

"கையெழுத்துக்கு இடம் ஒண்ணுதானே இருக்கும்?"

"இடம் இல்லாட்டி ஓரத்துல போடலாம்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். சம்பளம் குறைவு. அவள் யோசிப்பதுதான் முறை. நான் வற்புறுத்தவில்லை.

பிப்ரவரி 27

குந்தலா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 4

லிப்சாவுக்குக் காது பரிசோதனை. சவ்வு மூடிவிட்டது. டாக்டர் பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டதும் உடனே திரும்பினாள். ஜெமா நடைபாதையில் என்னிடம் ஏதோ சொன்னாள். குந்தலா உடன் இல்லை. பாதி புரிந்தது. அந்தப் பாதியே போதும்.

மார்ச் 9

குந்தலா போன் செய்தாள். "ஜூன்லே வரேன் டீச்சர். எந்த ரூமும் ஒழுகாம இருக்கணும்." பின்னால் அவள் கணவர் சிரிப்பது கேட்டது.

ஜூன் 12

பள்ளி திறந்து இரண்டாம் வாரம். நடுவில் இருந்த தடுப்புச் சுவரை எடுத்து இரண்டு அறையை ஒன்றாக்கியாயிற்று. ஓடு மாற்றியது ருக்குமணியின் தம்பி. ஒன்றாம் வகுப்பில் இருபத்தாறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு தகப்பனார் தனியார் பள்ளியிலிருந்து மகளைக் கொண்டுவந்து சேர்த்தார். இன்னொருவர், "எங்க பையனுக்கு ஒடியா எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்.

மதிய இடைவேளையில் குந்தலாவும் நானும் மரத்தடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். குழாயடியில் திடீரென்று சண்டை. தர்ஷிகாவும், புவனேஸ்வர் பக்கத்திலிருந்து போன வாரம் வந்த சிபு என்ற பையனும். யார் முதலில் தட்டுக் கழுவுவது என்று. ஒருவரை ஒருவர் தள்ளவில்லை. வாய்தான்.

தர்ஷிகா இடுப்பில் கை வைத்து ஒடியாவில் பொரிந்து தள்ளினாள். அவன் திகைத்துப்போய் வாய் பிளந்தான். பிறகு சுதாரித்துக்கொண்டு, ஒரு வாரத்தில் பொறுக்கிச் சேர்த்த தமிழை எல்லாம் ஒன்றுகூட விடாமல் அவள்மேல் எறிந்தான்: "போ! உக்காரு! அப்பளம்! ஆறு, ஏழு, எட்டு!"

தர்ஷிகா கொஞ்சம் யோசித்தாள். "ஒம்பது" என்றாள்.

குந்தலா எழுந்து போகப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"இருங்க. பேசி முடிக்கட்டும்."